கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் நின்ற பூ

காலை ஆறு நாற்பது. நான் முதலில் பார்த்தது, மொட்டுக் கொத்தில் ஒன்று மட்டும் விரிந்திருந்ததை. நடுவில் சுண்ணாம்பு தடவியது போல ஒரு வெள்ளை வட்டம். அதைச் சுற்றிக் கறுப்பு. ஓரத்தில் சாம்பல் கலந்த பச்சை. ஒரு குரோனர் நாணயத்தின் அளவுதான். டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில், மூன்றாம் மாடியில், என் அறையின் ஜன்னல் கட்டில், அம்மாவின் கறிவேப்பிலைச் சட்டிக்குப் பக்கத்தில் அது நின்றது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஏப்ரல் முடிந்துகொண்டிருந்தது.

இதை என் வயதுப் பெண்களுக்காக எழுதுகிறேன். எண்பதுகளில் அப்பாமாரின் பின்னால் ஜட்லாந்துக்கு வந்து, டெனிஷ் படித்து, வேலைக்குப் போய், இப்போது முழங்கால் வலிக்கு மாத்திரை போடும் உங்களுக்காக. நீங்களும் சாமத்தியச் சடங்கில் ஒரு நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டவர்கள். அந்த வீடியோக் கசெற் உங்கள் வீட்டிலும் எங்காவது கிடக்கும். போன மாதம் என் தம்பி வட்ஸ்அப்பில் ஓர் அழைப்பிதழ் அனுப்பினான். அவனுடைய மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள். ஹோர்சன்ஸில் மண்டபம். நான் மாமி என்பதால் அவள் தலைக்குத் தண்ணீர் வார்ப்பது என் உரிமையாம். அழைப்பிதழில் அவளுடைய முகம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத நிறத்தில் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. பழைய கோபம். அது எங்கே தொடங்கியது என்பதை நடந்த ஒழுங்கில் எழுதிவிடுகிறேன்.

அந்தப் பூவின் பெயர் அவுரிக்கெல். வகுப்பில் என் பக்கத்துக் கதிரையில் இருந்த தோழியின் வீட்டிலிருந்து வந்தது. தோழியின் தகப்பன் நகர பஸ் ஓட்டினார். சீருடைச் சட்டையின் பையில், பேனை இருக்கவேண்டிய இடத்தில், புருவம் பிடுங்குகிற சாவணம் ஒன்றை வைத்திருப்பார். வேலை முடிந்ததும் வீட்டுக்குள் போகமாட்டார்; நேரே பின்வளவிலிருந்த கண்ணாடி வீட்டுக்குள் போவார். அங்கே உயரமான மண்சட்டிகளில் அவுரிக்கெல்கள் வரிசையாக நின்றன. ஒரு தண்டில் மொட்டுகள் நெருக்கமாக வந்தால், நடுவிலுள்ளவற்றைச் சாவணத்தால் கிள்ளி எடுப்பார். மிஞ்சியவை ஒன்றோடொன்று முட்டாமல் விரிவதற்கு இடையில் பஞ்சுத் துணுக்குகளைச் செருகுவார். பல் வைத்தியரிடம் போனால் வாய்க்குள் பஞ்சு வைப்பார்களே, அப்படி.

அந்தச் செடிகளின் இலைகளில் மாவைத் தூவியது போல வெள்ளைப் பொடி படிந்திருக்கும். செடியே உண்டாக்குகிற பொடி அது. பூவின் நடுவிலிருக்கும் வெள்ளை வட்டமும் அதே பொடிதான். ஒரு மழைத்துளி விழுந்தால் ஓடிவிடும். விரல் பட்டால் அழிந்துவிடும். அழிந்த இலையில் திரும்ப வராது. தண்ணீரைச் சட்டியின் ஓரத்தால், மண்ணில் மட்டும் விடவேண்டும். அதுவும் மண் காய்ந்த பிறகு. போட்டிக்கு வரும் நடுவர்கள் முதலில் இலையில் கைரேகை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்களாம்.

"அப்பா என்னைத் தூக்கினதை விட இதுகளைத்தான் கூடத் தூக்கியிருக்கிறார்" என்பாள் தோழி.

"நீ மழையிலை நனைஞ்சா காயலாம். இதுகள் காயாது" என்பார் அவர், நிமிர்ந்து பார்க்காமலே.

மே மாத முதல் வாரத்தில் சில்க்போர்க்கில் கண்காட்சி. அதற்கென்று ஒரு மரத்தட்டு அடுக்கு வைத்திருந்தார். முழுக்கக் கறுப்பு வர்ணம், மேலே சிறு கூரை, இரண்டு பக்கமும் திரை. அதை அவர்கள் தியேட்டர் என்றார்கள். கறுப்புப் பின்னணியில் பூக்கள் தாமே வெளிச்சம் விடுவது போலத் தெரியும். நான் பிறகு பத்திரிகையில் வேலை செய்த காலத்தில், படத்துக்குப் பின்னால் எது இருக்கிறது என்று முதலில் பார்க்கும் பழக்கம் எனக்கு இருந்தது. அது அந்தக் கறுப்புத் தட்டிலிருந்து வந்தது.

இரண்டு வசந்தங்களுக்கு முன்பு அவர் ஒரு தாய்ச்செடியைப் பிரித்தபோது, பக்கக் கன்றுகளில் ஒன்றைத் தோழிக்கும் மற்றதை எனக்கும் தந்தார். யாருடையது முதலில் பூக்கும் என்று எங்களுக்குள் பந்தயம். தோழி தன்னுடையதற்கு அரசியின் பெயர் வைத்தாள். என்னுடையது எப்போதும் குளிர் கேட்டதால் "உன்ரை ஐஸ்காரி எப்பிடி இருக்கிறாள்?" என்று ஒவ்வொரு காலையும் கேட்பாள். அந்த ஐஸ்காரிக்காக என் அறையின் ஹீற்றரை மூடியே வைத்தேன், ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வைத்தேன். பக்கத்தில் நின்ற கறிவேப்பிலை வாடியது. வீட்டில் அகலமான ஜன்னல் கட்டு அந்த ஒன்றுதான். அம்மா அதற்காக என்னோடு சண்டை பிடிப்பார்.

"மனிசருக்குக் குளிருது, மரத்துக்குக் குளிருது. உந்தப் பூவுக்கு மட்டும் வேர்க்குதோ?"

அந்த வருடம் தோழியின் செடியில் ஒரு கொத்து, என் செடியில் ஒரு கொத்து. இரண்டையும் தியேட்டரின் கீழ்த்தட்டில் வைக்கலாம் என்று தோழியின் தகப்பன் ஒத்துக்கொண்டார். சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. முதல் பூ விரிந்த மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, பூதக்கண்ணாடியால் அதன் குழாயைப் பார்த்தார். தொண்டைக்குள் மகரந்தம் நிரம்பியிருக்கவேண்டும். குண்டூசித் தலை போல ஒன்று நீட்டிக்கொண்டு நின்றால் அந்தச் செடி காட்சிக்கு உதவாது. என்னுடையது தேறியது. அம்மா அவருக்குத் தேநீரும் வடையும் கொடுத்தார். அவர் வடையின் ஓட்டைக்குள்ளும் பூதக்கண்ணாடியால் பார்த்தார். அம்மா வயிறு நோகச் சிரித்தார். இதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தச் செடியோடு பகை இருக்கவில்லை.

முதல் பூ விரிந்தது செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை பாடசாலையில் எனக்கு இரத்தம் பட்டது. பாடசாலைத் தாதி ஒரு பொதியைத் தந்து, கையைக் குலுக்கி வாழ்த்துச் சொல்லி, அடுத்த பாடத்துக்குப் போகச் சொன்னார். போனேன். கணிதம். அன்று பின்னேரம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒருமுறை என் கன்னத்தைத் தொட்டார். உடனே கையை எடுத்துக்கொண்டு, அறைக்குள் போய் இருக்கச் சொன்னார். பிறகு தொலைபேசியில் மாமியைக் கூப்பிட்டார்.

மாமி அப்பாவின் அக்கா. ஹோர்சன்ஸில் இருந்தார். மறுநாள் ரெயினில் வந்து இறங்கினார். பையில் நல்லெண்ணெய்ப் போத்தல், உழுத்தம்மா, ஊர் முட்டை கிடைக்காததால் விலை கூடிய டெனிஷ் முட்டை. வந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் கட்டைத்தான் பார்த்தார்.

"மச்சாள், பிள்ளையின்ரை அறைக்குள்ளை என்னெண்டு கறிவேப்பிலை நிக்குது? துடக்குப் பட்டாப் பட்டுப்போகுமெல்லோ! எடுங்கோ கெதியா."

"ஐயோ, அந்தரத்திலை மறந்துபோனன்" என்றார் அம்மா.

"மற்றது என்ன மரம்?"

"அது இவவின்ரை பூ. பள்ளிக்கூடப் பிள்ளை ஒண்டு குடுத்தது."

மாமி குனிந்து பார்த்தார். "இலை முழுக்க மாப்பூச்சி. எங்கட கொய்யாவை அழிச்சது இதுதான். கறிவேப்பிலைக்குப் பக்கத்திலை ஆர் வைச்சது?"

"அது பூச்சியில்லை மாமி" என்றேன். "அது அப்பிடித்தான் இருக்கும். தொடாதேங்கோ."

"தொடக்கூடாத ஆள் நீ. மரமில்லை. பேசாமல் இரு."

இரண்டு சட்டிகளும் குசினிக்குப் போயின. கதவு சாத்தப்பட்டது. தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது; நெடுநேரம் ஓடியது. நான் கட்டிலில் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன். பிறகு அம்மா கதவைக் கொஞ்சமாகத் திறந்து சட்டியைத் தூக்கிக் காட்டினார்.

"பார், மாமி எவ்வளவு வடிவாக் கழுவித் தந்திருக்கிறா. பளபளவெண்டு இருக்கு."

பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் பஞ்சும் போட்டுக் கழுவியிருந்தார்கள். இலைகள் கடைக் கீரை போலப் பச்சையாக மினுங்கின. விரிந்த பூவின் வெள்ளை வட்டம் கரைந்து கறுப்புக்குள் வழிந்திருந்தது. அம்மாவின் முகத்தில் மகிழ்ச்சி. எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் கொண்டுவந்து காட்டினார். அதை நான் மறுக்கவில்லை. அவர் நல்லவர் என்பது அந்தப் பொடியைத் திரும்பக் கொண்டுவரவில்லை.

ஆனாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. கழுவியபோது மற்ற மொட்டுகள் மூடியிருந்தன. அவற்றுக்குள் தண்ணீர் போயிருக்காது. கண்காட்சி அடுத்த வாரச் சனிக்கிழமை. அதற்கு முன் அவை விரியும், வெள்ளை வட்டத்தோடு விரியும். கெட்டுப்போன ஒன்றைத் தோழியின் தகப்பன் சாவணத்தால் எடுத்துவிடுவார். கீழ்த்தட்டுக்குப் பதிலாக மேல்தட்டில் வைத்தால், நின்று பார்ப்பவர்களுக்கு இலை தெரியாது. அந்த அறைக்குள் இருந்து நான் செய்த வேலை இதுதான்: தட்டின் உயரத்தைக் கணக்குப் பார்த்தது. பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடித்தேன். உழுத்தங்களி தின்றேன். தனித் தட்டு, தனிக் கிளாஸ். ஆண்கள் என் முகத்தில் முழிக்கக்கூடாது. பாடசாலைக்குச் சுகமில்லை என்று அறிவித்தாயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை இரவு அப்பா மீன் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் கதவின் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன்.

"அப்பா, நாளைக்குக் கண்காட்சி. ஒருக்காப் போட்டு வாறன்."

"அது பொம்பிளையளின்ரை விசயம் பிள்ளை. நான் என்னத்தைச் சொல்லுறது?"

"அப்ப நான் போகேல்லை. பூவை மட்டும் குடுத்துவிடுங்கோ. மேல்தட்டிலை வைக்கச் சொல்லுங்கோ."

"ஓம், சொல்லுறன்" என்றார். அவர் காலை வேலைக்குப் போகும்போது யாரிடமும் எதையும் சொல்லவில்லை. தொழிற்சாலையில் தொழிலாளர்களின் உரிமைக்காக மேற்பார்வையாளரோடு வாதாடியவர் என்று அவருடைய மரண வீட்டில் பேசினார்கள். உண்மைதான். எங்கள் வீட்டு நடையில், ஒரு கதவுக்கு முன்னால், அக்காவிடம் ஒரு வசனம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. தோழியின் தகப்பனின் குரல். என்னையும் செடியையும் ஏற்றிப்போக வந்திருப்பதாகச் சொன்னார். அம்மாவுக்கு டெனிஷ் போதாது. மாமிக்கும் போதாது. ஏழு வயதுத் தம்பியைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்கள்.

"என்ன சொல்லுறது?" அம்மா கேட்டார்.

"பிள்ளைக்கு விருப்பமில்லையாம் எண்டு சொல்லச் சொல்லுங்கோ. முடிஞ்சுது" என்றார் மாமி. "இல்லாட்டி அந்தாள் நிண்டு விளக்கம் கேக்கும்."

நான் எழும்பிக் கதவுக்குப் போனேன். கைப்பிடி கீழே இறங்கவில்லை. மறுபக்கத்திலிருந்து மாமி அதைப் பிடித்திருந்தார். "ஆம்பிளை நிக்குது, உள்ளை போ" என்று கதவிடுக்கால் இரகசியமாகச் சொன்னார். நான் கதவைத் தட்டினேன். அதே நேரம் தம்பி தனக்குத் தெரிந்த டெனிஷில், விளையாட்டு மைதானத்தில் பழகிய டெனிஷில், "ஹுன் கீடர் இக்க" என்றான். விருப்பமில்லை என்பதற்குச் சொல்லக்கூடிய சொற்களில் அதுதான் மிகவும் அலட்சியமானது. அவளுக்கு உதெல்லாம் செய்யப் பஞ்சியாம், அலுப்பாம் என்பது போல.

நான் இரண்டாம் முறையும் தட்டினேன். பிறகு மாடிப்படிகளில் சப்பாத்துச் சத்தம், இறங்கிப் போனது.

ஜன்னலால் பார்த்தேன். காருக்குப் பின்னால் பூட்டிய சிறு வண்டியில், தார்ப்பாய் போர்த்திய கறுப்புத் தட்டுகள். தோழி முன் ஆசனத்தில் தன் சட்டியை மடியில் வைத்திருந்தாள். எங்கள் கட்டடத்தின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தகப்பன் ஏறி ஏதோ சொன்னார். அதன் பிறகு அவள் வாசலைப் பார்க்கவில்லை. குசினியில் என் செடியின் மற்ற மொட்டுகள் அன்று விரிந்திருந்தன. அவற்றின் வெள்ளை வட்டம் வெள்ளையாகவே இருந்தது என்று தம்பி கதவிடுக்கால் சொன்னான்.

நான் பாடசாலைக்குத் திரும்பியபோது தோழி வேறொருத்தியின் பக்கத்தில் இருந்தாள். "எனக்குச் சுகமில்லை" என்றேன். வீட்டில் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

"உன்ரை தம்பி அப்பிடிச் சொல்லேல்லை" என்றாள். அவ்வளவுதான்.

ஜூனில் சடங்கு. ஒரு பாடசாலை விளையாட்டு மண்டபத்தை வாடகைக்கு எடுத்தார்கள். கூடைப்பந்து வளையத்தின் கீழே மேடை, ரெஜிபோம் என்ற வெள்ளை நுரை அட்டையில் வெட்டிய அன்னங்கள், பிளாஸ்ரிக் ரோசாப்பூக்கள், நடுவில் சிவப்பு நாற்காலி. அலங்காரம் செய்ய வந்த அன்ரி என் முகத்துக்கு வெள்ளைப் பவுடர் அப்பினார். கழுத்தில் தொடங்கும் என் நிறம் வேறாகத் தெரிந்தது. வியர்த்தபோது கையைத் தூக்கினேன்.

"முகத்தைத் தொடாதை பிள்ளை, கலைஞ்சிடும்" என்றார்.

கமெராவின் விளக்கு என்மேல் நின்றது. வந்தவர்கள் வரிசையாக ஏறி என்னைப் பார்த்தார்கள். என் வகுப்பிலிருந்து யாரையும் கூப்பிடவில்லை. அவர்களுக்கு விளங்காது என்றார்கள். எனக்கும் விளங்கவில்லை, என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

செடி அதற்கு முன்பே செத்துவிட்டது. குசினி ஹீற்றருக்கு மேல் வைத்திருந்தார்கள். கறிவேப்பிலைக்கு விட்டதையெல்லாம் அம்மா அதற்கும் விட்டார்: அரிசி கழுவிய தண்ணீர், மோர், மீன் கழுவிய தண்ணீர். ஒரு நாளும் தவறவில்லை. தண்டு அடியில் பழுப்பாகி, ஒரு காலை சட்டிக்கு வெளியே சாய்ந்து கிடந்தது. வேர் அழுகிய மணம் மீன் மணத்தோடு கலந்திருந்தது. கறிவேப்பிலை தளதளவென்று வளர்ந்தது. ஹொல்ஸ்டெப்ரோவின் பாதித் தமிழ் வீடுகளில் இன்று நிற்பவை அதன் கன்றுகள்.

பல வருடங்களுக்குப் பிறகு, ஓர் உள்ளூர்ப் பத்திரிகைக்காகச் சில்க்போர்க்கில் பூக்கண்காட்சியைப் பார்க்கப் போனேன். அதே கறுப்புத் தட்டுகள். பக்கத்தில் தோழியின் தகப்பன், ஓய்வு பெற்றுவிட்டார். சாவணம் பையில் இருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அந்த வருடம் கீழ்த்தட்டில் உன் இடத்தை வெறுமையாகவே விட்டோம்" என்றார். "மகள் வேறு சட்டி வைக்க விடவில்லை. நீ பிந்தி வந்தாலும் வருவாய் என்றாள்."

"நான் கதவைத் தட்டினேன். கேட்கவில்லையா?"

"கேட்டது" என்றார். "உங்கள் ஆட்களின் விஷயம். தலையிடக்கூடாது என்று நினைத்தேன். மரியாதைக்காகத்தான்."

ஒரு பூவின் தொண்டைக்குள் பூதக்கண்ணாடியால் பார்த்த மனிதர் அவர். தட்டப்படும் கதவுக்கு முன்னால் நின்று, ஏழு வயதுப் பிள்ளை சொன்னதைக் கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனதற்கு அவர் வைத்திருந்த பெயர் மரியாதை. நான் கண்காட்சியைப் பற்றிச் சிறு செய்தி எழுதிக் கொடுத்தேன். அவருடைய படத்தைப் போடவில்லை.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். அழைப்பிதழைப் பார்த்ததும் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அந்தச் சனிக்கிழமை பிள்ளைக்கு ஹாண்ட்போல் இறுதி ஆட்டமெல்லோ? அவளே எனக்குச் சொன்னவள்."

"ஓம் அக்கா. மண்டபம் வேறை நாளுக்குக் கிடைக்கேல்லை. பிள்ளை வராதெண்டு எங்கட அம்மா கிளப்புக்குச் சொல்லிப்போட்டா."

"அவளைக் கேட்டனியளோ?"

"அவளுக்குச் சம்மதம்தான் எண்டு அம்மா சொல்லுறா."

"நீ அண்டைக்குத் தோழியின்ரை தகப்பனுக்கு என்ன சொன்னனி எண்டு ஞாபகம் இருக்கோ?"

"எந்தத் தகப்பன்?" என்றான். உண்மையிலேயே அவனுக்கு ஞாபகம் இல்லை. அவனைப் பிடித்து முன்னால் நிறுத்தியவர்களுக்கு ஞாபகம் இருக்கவேண்டும். மாமி இப்போது இல்லை.

நான் தண்ணீர் வார்க்க வரமாட்டேன் என்றேன். பிள்ளைக்கு விருப்பமென்றால் சனிக்கிழமை காலையில் வாசலில் காரோடு நிற்பேன், மைதானத்துக்குக் கொண்டுபோக. மேலே வந்து அவளிடமே கேட்பேன், வேறு யாரிடமும் கேட்கமாட்டேன் என்றேன். பிள்ளையிடம் போனைக் கொடு என்றேன். அவன் பக்கத்தில் இருந்த எங்கள் அம்மாவிடம் கொடுத்தான்.

"நீ இன்னும் உந்தப் பழசுகளையே பிடிச்சுக்கொண்டு நில்" என்றார் அம்மா. குரல் தளர்ந்திருந்தது, ஆனால் உறுதியாக இருந்தது. "நான் அந்தப் பூமரத்துக்கு ஒரு நாளும் தண்ணி விடாமல் இருந்ததில்லை. நாங்கள் நித்திரையா இருக்கேக்கை நீ குசினிக்குப் போய்த் தொட்டிருப்பாய். அந்தத் துடக்கிலைதான் பட்டுப்போச்சு. மாமி அப்பவே சொன்னவா."

நான் அந்தச் செடியைத் தொடவில்லை.